ரிக்கார்டில் இப்படி இல்லையே!

மெல்லிசைக் கச்சேரிக்கு வருகிற ஜனங்களை மூன்றாகப் பிரித்துவிடலாம். பாட்டுக் கேட்க வருகிறவர்கள். பாட்டுக் கேட்க வந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள். பாட்டு சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க வருகிறவர்கள். முதல் வகையால் கச்சேரி நடக்கிறது. இரண்டாம் வகையால் கச்சேரி நடக்கிற இடத்தில் அவித்த கடலை விற்கிறது. மூன்றாம் வகையால் என்ன நடக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? பாடுகிறவர்களுக்கு வேர்க்கிறது.

இந்த மூன்றாம் வகைக்காரரை அடையாளம் கண்டுகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. மைக் செட்காரர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்வதற்கு அரைமணி நேரம் முன்பே வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, மேடையில் இறங்குகிற ஒவ்வொரு வாத்தியத்தையும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் சீர்ப் பாத்திரங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்கிற கேள்வியை வாயால் கேட்காமல் புருவத்தால் கேட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சோடு கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா? இல்லை. வயலின்களை எண்ணுகிறார்.

பாடகர் தன்னை மறந்து ஓரிடத்தில் ஒரு சங்கதியைச் சொந்தமாகப் போட்டுவிட்டால், வெறுங்காலில் முள் ஏறியவர்போல இவருடைய கண் திறக்கும். "ரிக்கார்டுல இப்படி இல்லையே!" சரி, பாடகர் மறு பாட்டில் பயந்துபோய் அச்சுப் பிசகாமல் பாடுகிறார் என்று வையுங்கள். "ரிக்கார்டுல இருக்கதை அப்படியே பாடுததுக்கு இவன் எதுக்கு? ரிக்கார்டு போதாதா?" ஆக, எப்படிப் பாடினாலும் குற்றம். பாடாமல் இருந்தால்? "ஒத்திகை பார்க்காம மேடை ஏறினா இப்படித்தான்."

இந்த இனம் பாடாது. எந்த வாத்தியத்தையும் தொடாது. வீட்டில் குழந்தை அழுதால் தாலாட்டுப் பாட வாயெடுத்து, முதல் வரியிலேயே சுருதி ரிக்கார்டோடு ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிட்டு, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் சங்கரசுப்பு. குருவிகுளம் யூனியன் ஆபீஸில் எழுத்தர். காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் பஸ் ஏறித் திரும்பி வந்து, நேராக வீட்டுக்குப் போகாமல் முகம்மது ஹுசைனின் மைக் செட் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஹுசைன் சுழலவிடுகிற ரிக்கார்டு பிளேட்டுகளைக் கேட்டுவிட்டு, எட்டு மணிக்கு மேல் வீடு சேருவது அவருடைய இருபது வருஷத்து ஒழுங்கு. அவருடைய மனைவி ஆவுடையம்மாள் ஆரம்பத்தில் கோபப்பட்டாள். பிறகு, பெஞ்சு வேறு எந்தக் கடை பெஞ்சாகவும் இருந்திருக்கலாம் என்று யோசித்துச் சமாதானமாகிவிட்டாள்.

இங்கே ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். ரிக்கார்டு, ரிக்கார்டு என்று மூச்சுக்கு மூச்சு சொன்ன சங்கரசுப்புவிடம் ஒரு ரிக்கார்டு கூடக் கிடையாது. அதைச் சுழற்றுகிற பெட்டியும் கிடையாது. அவர் சொன்ன ரிக்கார்டு எல்லாமே ஹுசைன் கடை ரிக்கார்டுதான்.

ஆனால் கச்சேரி மேடைக்கு முன்னால் அவர் காட்டிய அதிகாரத்தை யூனியன் ஆபீஸில் யாரும் காட்டியதில்லை. மற்ற ரசிகர்கள் துண்டுச் சீட்டில் "இந்தப் பாட்டைப் பாடவும்" என்று எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். இவரும் அனுப்புவார். எப்படி? "பொருள்: சென்ற பாடல், இரண்டாம் சரணம், புல்லாங்குழல் குறைவு தொடர்பாக. பார்வை: ரிக்கார்டு. மேற்படி இடத்தில் மூன்று முறை வர வேண்டிய புல்லாங்குழல் இரண்டு முறையே வந்துள்ளது. இனிவரும் பாடல்களில் இத்தகைய குறை நேராவண்ணம் பார்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இந்தச் சீட்டுகளில் முக்கால்வாசி போய்ச் சேர்ந்த இடம் ஏசுவடியான் வாத்தியாருடைய சட்டைப் பை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் ஆர்மோனியம் வாசித்து, ஊரில் ஒரு இன்னிசைக் குழுவை நடத்தி வந்தவர் அவர். குழுவின் குரல் வள்ளித்தாய். பகலில் தையல் டீச்சர். கரிவலம்வந்தநல்லூர், குருவிகுளம், ராயகிரி என்று சுற்றுவட்டாரத்தில் இந்தக் குழு பாடாத கல்யாணம் இல்லை, சடங்கு வீடு இல்லை. பாடாத இடம் ஒன்றே ஒன்று. சொந்த ஊரில், ஆடித்தபசுத் திருநாளில், வியாபாரிகள் தெற்கு ரத வீதியில் போடுகிற மேடை. பன்னிரண்டு வருஷமாக அந்த மேடைக்கு மதுரையிலிருந்துதான் குழு வரும்.

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை குடுத்தா என்ன?" என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். விழாக் கமிட்டித் தலைவர் வத்தல் கடை வெள்ளத்துரை, பாட்டில் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தெரிந்து வைத்திருந்த அபூர்வ மனிதர். அவர் சங்கரசுப்பு முகத்தைப் பார்ப்பார். சங்கரசுப்பு உதட்டைப் பிதுக்குவார். "நல்லாத்தான் பாடுதாக. ஆனா ரிக்கார்டு மாதிரி இல்லையே!" அதோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது.

அந்த வருஷம் மதுரைக் குழுவுக்குத் தேதி ஒத்துவரவில்லை. வெள்ளத்துரை தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏசுவடியான் கோஷ்டி பாடட்டும். ஆனா அதுக்கு முந்தி சங்கரசுப்பு ஒரு தடவை கேட்டுட்டுச் சரின்னு சொல்லணும். இல்லைன்னா மேடையில சொற்பொழிவு வச்சிருவோம். இதுதான் கடைசி. அடுத்த வருஷமும் இந்தப் பேச்சை எவனும் எடுக்கப்படாது."

ஆக, பன்னிரண்டு வருஷத்து ஆசை ஒரு எழுத்தரின் உதட்டில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளத்துரையின் வத்தல் கிட்டங்கியில் பரீட்சை. மூட்டைகளுக்கு நடுவே குழு உட்கார்ந்திருந்தது. வத்தல் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். சங்கரசுப்பு மட்டும் தும்மவில்லை. தும்மினால் ஒரு வயலின் எண்ணிக்கையில் விட்டுப்போகும்.

முதல் பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தார்.

"ரிக்கார்டுல பன்னெண்டு வயலின். ஒம்மகிட்ட ஒண்ணு. அதுலயும் மூணு கம்பி."

"நாலாவது கம்பிக்குத் திருநெல்வேலிக்குச் சொல்லி விட்டிருக்கு அண்ணாச்சி" என்றார் ஏசுவடியான்.

"கம்பி வந்த பெறவு என்னையக் கூப்பிட்டிருக்கலாமேவே!"

இரண்டாம் பாட்டு. "தபேலா முந்துது. ரிக்கார்டுல தபேலாக்காரனுக்கு இம்புட்டு அவசரம் கிடையாது."

மூன்றாம் பாட்டு. "நடுவுல யாரோ தும்முதீங்க. ரிக்கார்டுல தும்மல் இல்லையே!"

நான்காம் பாட்டில் வள்ளித்தாய் ஓரிடத்தில் குரலைக் கொஞ்சம் நீட்டி, மெல்ல வளைத்து இறக்கினாள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். சங்கரசுப்பு காலில் முள் ஏறிவிட்டது.

"அது என்னம்மா அங்கன? அந்த இழுப்பு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. தானா வந்துச்சு."

"தானா வாரது காய்ச்சல். பாட்டு தானா வரப்படாது."

"ஒரு பாட்டை நம்ம தொண்டையில பாடப்படாதா அண்ணாச்சி?"

"பாடலாம் தாயி. யாரு வேண்டாம்னா? வீட்ல பாடலாம்."

வள்ளித்தாய் முகம் சுருங்கியது. வெள்ளத்துரை சொற்பொழிவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது ஏசுவடியான், கடைசித் துருப்புச் சீட்டை இறக்குகிறவர்போல, "அண்ணாச்சி, கிணத்தடிப் பாட்டு" என்றார்.

கிணத்தடிப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அந்தப் படம் ஊருக்கு வந்த நாலாம் நாளே பெட்டிக்குள் போய்விட்டது. ரேடியோக்காரர்களும் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் ஹுசைன் எப்படியோ அந்தப் பிளேட்டை வாங்கி வைத்திருந்தார். எல்லாக் கல்யாணத்துக்கும் போட்டார். போட்டுப் போட்டு, உலகமே மறந்த அந்தப் பாட்டு சங்கரன்கோவிலுக்கு மட்டும் சொந்தப் பாட்டாகிவிட்டது.

ஆனால் பிளேட் வாங்கிய முதல் வாரத்திலேயே, ஊர் அதைக் கேட்பதற்கு முன்பே, ராயகிரிக் கல்யாணம் ஒன்றில், பந்தலுக்குள் புகுந்த ஆட்டுக்கிடா ஒன்று பிளேட் சுழன்ற மேஜையை ஒரு முட்டு முட்டியது. ஊசி பிளேட்டின் குறுக்கே உழுதுகொண்டு போனது. அன்றையிலிருந்து, இரண்டாம் சரணத்தில் "கிணத்தடியில் குடம் நிறைய" என்று அந்தப் பாடகி பாடி வரும்போது, ஊசி "டக்" என்று ஒரு பள்ளத்தைத் தாண்டி, நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டு, "மாலை கட்டி வைத்திருந்தேன்" என்ற வரியில் போய் விழும். கிணத்தடியில் குடம் நிறைய, டக், மாலை கட்டி வைத்திருந்தேன்!

ஊரில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? வரவில்லை. பூக்கட்டுகிறவர்கள் நிறைந்த ஊர். கட்டிய மாலை வாடாமல் இருக்க ஈரக் குடத்துக்குள் போட்டு வைப்பது இங்கே தினசரி நடக்கிற காரியம். "பாட்டு எழுதினவரு நம்ம பூக்கடைத் தெருவைப் பார்த்துட்டுத்தாம்வே எழுதியிருக்காரு" என்று சங்கரசுப்பு ஹுசைன் கடை பெஞ்சிலிருந்து விளக்கம் சொன்னார். பூக்கடைத் தெரு அதை நம்பியது. அந்த "டக்" வருகிற இடத்தில் ஊரே ஒரு தரம் கைதட்டிப் பழகியது. ஹுசைனுக்கு மட்டும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து வருஷம் பழகிவிட்டால் தழும்பும் முகத்தோடு சேர்ந்ததாகிவிடுகிறது. அவரும் மறந்துபோனார்.

ஏசுவடியான் குழுவும் இதே பிளேட்டில்தான் பாட்டைப் படித்தது. பத்து நாள் கடை வாசலில் நின்று வரி வரியாகக் கேட்டு, மூச்சு விடுகிற இடத்தைக்கூடக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கிட்டங்கியில் வள்ளித்தாய் பாடினாள். "குடம் நிறைய" வந்தது. பாதி மூச்சில் நிறுத்தினாள். தபேலாக்காரர் மரப்பலகையில் "டக்" என்று தட்டினார். அரைத் தாளம் தவறி, வாய்க்காலைத் தாண்டுகிற ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு. "மாலை கட்டி வைத்திருந்தேன்!"

சங்கரசுப்புவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வத்தல் நெடி என்று நினைக்காதீர்கள்.

"இதாம்வே பாட்டு! ரிக்கார்டு தோத்துச்சு!" என்று எழுந்தார். வெள்ளத்துரையிடம் ஒரு தாள் வாங்கி, "மேற்படி குழுவினரை அனுமதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

ஆடித்தபசுத் திருநாள். சாயங்காலம் ஆறு மணிக்கே தெற்கு ரத வீதி கொள்ளவில்லை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கிய கூட்டம். மேடையில் ஏசுவடியான் ஆர்மோனியத்தைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். வயலினுக்கு நாலாவது கம்பி வந்திருந்தது. வள்ளித்தாய் புதுச் சேலை கட்டியிருந்தாள். முதல் வரிசையில் சங்கரசுப்பு, பெண்ணைப் பெற்றவர்போல, வருகிறவர்களையெல்லாம் "வாங்க, வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் சேருகிறவரை பிளேட் போடுவது வழக்கம். ஊர் மேடையில் ஊர்ப் பாட்டைப் போடாமல் இருக்கலாமா என்று ஹுசைன் நினைத்தார். ஆனால் பழைய பிளேட் இல்லை. போன வாரம் ஒரு சடங்கு வீட்டில், பாயில் வைத்திருந்த பிளேட்டின் மேல் கனத்த உடம்புள்ள ஒரு அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். பிளேட் நாலு துண்டு. ஹுசைன் மதுரைக்கு ஆளனுப்பி, ஒரு கடை மூலையில் கவர் பிரிக்காமல் கிடந்த இன்னொன்றை வாங்கி வைத்திருந்தார். அதைப் போட்டார்.

பாட்டு தெளிவாக ஓடியது. இரண்டாம் சரணம் வந்தது. "கிணத்தடியில் குடம் நிறைய..." ஆயிரம் கைகள் பழக்கதோஷத்தில் ஒரே நேரத்தில் தட்டின. பாட்டு தாண்டவில்லை. யாரும் கேட்டறியாத இரண்டு வரிகள் நிதானமாக நடந்து வந்தன.

"கண்ணிரண்டும் நீர் நிறைய, காத்திருந்தேன் மாமனுக்கு..."

தட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. குடத்தில் நிறைந்தது தண்ணீர்! பூ இல்லை. பூக்கடை பிச்சம்மாள் முதலில் எழுந்தாள்.

"ஏலே, எவன்லே அவன்? எங்க குடத்துல தண்ணிய ஊத்துனவன்? பூ எங்கல?"

"அப்போ இத்தனை வருஷமா நாம பாடினது?" என்று இன்னொரு குரல்.

"ஏசுவடியான் கோஷ்டி படிச்சு வச்சிருக்கதும் அரைப் பாட்டுதானா? மதுரைக்காரன் வந்திருந்தா இப்படி ஆகுமா?" என்று வேறொரு குரல். அதைத் தொடர்ந்து இரண்டு விசில்.

மேடையில் வள்ளித்தாய் மைக்கைப் பொத்திக்கொண்டு, "சார், அந்த ரெண்டு வரி நமக்குத் தெரியாதே! நாம படிச்சபடி பாடினா தப்புன்னு சொல்லுவாக. பாடாட்டா இந்த மேடை இனி நமக்கு இல்ல" என்றாள். ஏசுவடியானுடைய கை வெறுமனே துருத்தியை அசைத்தது. ஆர்மோனியம் மட்டும் மூச்சு விட்டது.

வெள்ளத்துரை எழுந்து திரும்பினார். "வே சங்கரசுப்பு. எது சரி? நீரு கையெழுத்துப் போட்டதாலதானே ஏத்தியிருக்கேன். சொல்லும். இவுக பாடலாமா, கூடாதா?"

ஆயிரம் முகம் முதல் வரிசையைப் பார்த்தது. சங்கரசுப்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "டக்" என்பது என்ன என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பத்து வருஷமாக ஒரு கீறலுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். கீறலை வைத்துப் பாட்டை அளந்திருக்கிறார். ரிக்கார்டுதான் சரி என்றால், தான் தப்பு, கையெழுத்துத் தப்பு, மேடையில் நிற்கிற அந்தப் பெண் விசில் சத்தத்துக்கு நடுவே இறங்கிப் போக வேண்டும். ரிக்கார்டு தப்பு என்றால்? ரிக்கார்டு எப்படித் தப்பாகும்? அந்த வார்த்தையை அவர் வாய் பழகியதே இல்லை. வள்ளித்தாய் அவரைப் பார்த்தாள். "நம்ம தொண்டையில பாடப்படாதா" என்று கிட்டங்கியில் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

சங்கரசுப்பு மேடையேறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! தப்பு... ரிக்கார்டுலதான்."

விசிலடித்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள்.

"மெட்ராஸ்ல மறுபடி அச்சடிக்கையில எவனோ ரெண்டு வரியை இடையில சொருகிட்டான். பூவைத் தெரியாதவன். நம்ம குடத்துல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதா?"

"அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள் பிச்சம்மாள்.

மேடை ஓரத்திலிருந்து ஹுசைன் மெதுவாக, "அண்ணாச்சி, அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், கவர் பிரிக்காத பிளேட்டு..." என்றார்.

"பிரிச்சிருக்கப்படாதுவே!"

அவ்வளவுதான். ஏசுவடியான் ஆர்மோனியத்தில் விரல் வைத்தார். வள்ளித்தாய் பாடினாள். "குடம் நிறைய" வந்தது, தபேலாக்காரர் பலகையைத் தட்டினார், தெற்கு ரத வீதியே கைதட்டியது, கோபுரத்துப் புறாக்கள் ஒரு சுற்றுப் பறந்து திரும்பின. மறுபடி பாடு என்றார்கள். பாடினாள். மறுபடியும் என்றார்கள். மூன்றாம் தடவை, அந்த அரைத் தாளப் பள்ளத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் ஒரு சின்ன வளைவைப் போட்டு இறங்கினாள். எந்தப் பிளேட்டிலும் இல்லாத வளைவு. சங்கரசுப்பு கண்ணைத் திறந்தார். எங்கேயும் குத்தவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், "சபாஷ்" என்றார். ரொம்ப மெதுவாக.

குழுவுக்கு மறுவருஷமும் அதே மேடை என்று வெள்ளத்துரை அங்கேயே சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் சங்கரசுப்பு திருந்திவிட்டார் என்று முடிவு கட்டுகிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. மறுநாள் சாயங்காலம் ஹுசைன் கடை பெஞ்சில் அவர் கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடி, அதே பாட்டைக் கேட்டார். பாதியிலேயே புருவம் சுருங்கியது.

"என்னவே இது? கச்சேரியில இப்படி இல்லையே! வள்ளித்தாய் அந்த இடத்துல ஒரு வளைவு குடுப்பா பாரும், இதுல இருக்கவ அது பக்கம்கூடப் போகலையே. ஒத்திகை பார்க்காம பாடியிருக்கா."

இருபது ரிக்கார்டைப் போட்டார் ஹுசைன். இருபதிலும் குறை. வீட்டுக்கு வந்ததும் அதையே ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "நேத்து வரைக்கும் பாடுதவுக உசுரை எடுத்தீக. இன்னைக்கு பிளேட்டு உசுரை எடுக்கீக. பாவம், அதுக்கு இறங்கி ஓடக் காலும் கிடையாது" என்றாள்.

நல்லவேளை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று உங்கள் முகத்தில் ஒரு புன்னகை தெரிகிறது. ரொம்ப சந்தோஷம். போகிற போக்கில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசித்து வருகையில், நடுவில் எங்கேயாவது, "முன்னெல்லாம் இந்த மாதிரிக் கேலி எழுதினால் எப்படி இருக்கும்! இது அந்த மாதிரி இல்லையே" என்று ஒரு நினைப்பு ஓடியதா? இல்லையா? நிச்சயமாக இல்லையா? உதடு மட்டும், லேசாக, ஓரத்தில்?

பிதுங்கியது, பார்த்தேன். கூச்சப்படாதீர்கள். எழுந்து முதல் வரிசைக்கு வாருங்கள். உங்கள் மாதிரி ஆட்களுக்கு நாங்கள் நடுவில் இடம் போடுவதில்லை.